இரண்டே எழுத்து: எம்.எஸ்.



எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் முக்கால் மணி. நான் எடுத்துக்கொண்ட பொருள் இரண்டே எழுத்து. அதுவும் ஆங்கில எழுத்து. எம். எஸ். அவ்வளவுதான். இரண்டெழுத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதர் முக்கால் மணி நேரம் என்ன செய்யப்போகிறார் என்று சிலர் நினைக்கலாம். முக்கால் மணி போதுமா என்பதுதான் என் கவலை.

ஒரு கேள்வி கேட்கிறேன். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்; மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். எம்.எஸ். என்றதும் உங்களுக்கு முதலில் என்ன தோன்றியது?

முன்வரிசையில் பாதிப் பேருக்கு விடியற்காலைச் சுப்ரபாதம் காதில் ஒலித்திருக்கும். இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற இளைஞர்களில் சிலருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகமும் விசா நேர்காணலும் நினைவுக்கு வந்திருக்கும். மற்றவர்களுக்கு ஏழாம் எண் போட்ட மஞ்சள் சட்டை. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் யாராவது இருந்தால், நாளைக்கு வாங்க வேண்டிய பைப் கணக்கு ஓடியிருக்கும். அறுவை மருத்துவர் இருந்தால், தன் வாசற்பலகையை நினைத்திருப்பார். ஒரே அரங்கம். ஒரே ஒலி. யார் நினைத்தது சரி? எல்லோரும் நினைத்தது சரி!

அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? சுருக்கம் என்பது ஒரு கூட்டத்தார் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அந்தக் கூட்டத்துக்குள் இருக்கும்வரை அது சுகம். கூட்டத்தைவிட்டு வெளியே வந்ததும், சுருக்கியவர் ஒருவர், விரிக்க வேண்டியவர் இன்னொருவர் என்றாகிவிடுகிறது. சுருக்கியவருக்கு ஒரு நொடி மிச்சம். விரிப்பவருக்கு? இந்தக் கேள்வியை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டிலிருந்து தொடங்குவோம்.

மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி. 1916இல் மதுரையில் பிறந்தவர். 1966இல் ஐ.நா. பொதுச்சபை அரங்கில் பாடியவர். 1998இல் பாரத ரத்னா பெற்றபோது, அந்த விருதைப் பெற்ற முதல் இசைக் கலைஞர். முன்னால் நிற்கும் எம் அவருடைய ஊர். எஸ் யார்? நம் வழக்கப்படி அங்கே அப்பா இருக்க வேண்டும். இல்லை. சண்முகவடிவு அவருடைய தாயார், வீணைக் கலைஞர். எம்.எல். வசந்தகுமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். எம் என்பது மதராஸ். எல் என்பது லலிதாங்கி, அவரும் தாயார்தான், அவரும் பாடகர்தான். கலை தாயிடமிருந்து வந்த வீடுகளில் இனிஷியலும் தாயிடமிருந்து வந்தது. எத்தனையோ ஆண்டுகளாக எம்.எஸ்., எம்.எல்.வி. என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அந்த எழுத்துக்குள் இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருப்பதை நம்மில் எத்தனை பேர் விரித்துப் பார்த்திருக்கிறோம்?

அதே பாட்டு உலகத்தில் இன்னொரு எம்.எஸ். உண்டு. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன். அங்கே எம் என்பது மனயங்கத்து, பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பப் பெயர். எஸ் என்பது தந்தை சுப்பிரமணியன். வயலுக்குப் போனால் எம்.எஸ். சுவாமிநாதன். கும்பகோணத்தில் பிறந்தவர், ஆனால் எம் என்பது கும்பகோணத்தைக் குறிப்பதில்லை. மான்கொம்பு, குட்டநாட்டில் இருக்கும் பூர்விக ஊர். எஸ் தந்தை சாம்பசிவன். மைதானத்துக்குப் போனால் எம்.எஸ். தோனி. அங்கே ஊரும் இல்லை, தாயும் இல்லை, தந்தையும் இல்லை. மகேந்திர சிங், இரண்டும் அவரே. தமிழ்நாட்டு இனிஷியல் போலத் தோன்றுகிறது. ராஞ்சிக்காரர் நம்மூர்ப் பிள்ளையாகிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இனிஷியல் முன்னால் நின்றால் ஊரும் பெற்றோரும். அதே எழுத்து பெயருக்குப் பின்னால் போய் நின்றால்? அங்கே அது பட்டம்.

“பையன் எம்.எஸ். படித்திருக்கிறான்” என்று தரகர் சொல்கிறார். பெண்ணின் தாத்தாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆபரேஷன் செய்கிற டாக்டர்! பெண்ணின் தம்பிக்கும் மகிழ்ச்சி. கலிபோர்னியாவில் கணினி வேலை! இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் கேட்டார்கள். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மூன்றாண்டு படித்து வாங்குகிற எம்.எஸ்., மாஸ்டர் ஆஃப் சர்ஜரி. அமெரிக்காவில் பொறியியலோ கணிதமோ இரண்டாண்டு படித்து வாங்குகிற எம்.எஸ்., மாஸ்டர் ஆஃப் சயின்ஸ். நம்மூரில் அந்த அறிவியல் பட்டத்தை எம்.எஸ்ஸி. என்று எழுதுவதால் குழப்பம் தப்பியது. ஒரு எழுத்தைச் சேர்த்து எழுதியதற்குக் கிடைத்த லாபம் அது.

சரி, பட்டமும் பாட்டும் போதும். கடைத்தெருவுக்கு வாருங்கள். இரும்புக் கடை வாசலில் நின்று கேளுங்கள். “எம்.எஸ். ஆங்கிள் பத்து, எம்.எஸ். பிளேட் ரெண்டு.” இங்கே எம்.எஸ். என்றால் மைல்ட் ஸ்டீல். கார்பன் ஏறக்குறையக் கால் சதவீதத்துக்குள் நிற்கிற எஃகு. வளைத்தால் வளையும், பற்றவைத்தால் பிடிக்கும், மழையில் விட்டால் துரு ஏறும். அதனால்தான் கேட் மாட்டுவதற்கு முன்னால் ரெட் ஆக்சைடு அடிக்கிறோம். அதன் பக்கத்து அலமாரியில் இருப்பது எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தது, எளிதில் துருப்பிடிக்காதது. மாடிப்படிக் கைப்பிடிக்கு வாங்கும்போது அதை எஸ்.எஸ். என்கிறோம், அதே உலோகம் அடுக்களைக்குள் நுழைந்ததும் எவர்சில்வர் ஆகிவிடுகிறது. வாசலுக்கு ஒரு பெயர், அடுப்படிக்கு ஒரு பெயர்!

இந்த ஜோடியை நினைவில் வையுங்கள்: எம்.எஸ்., எஸ்.எஸ். இதே ஜோடி கடலிலும் மிதக்கிறது.

வ.உ.சி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டிய சுதேசிக் கப்பல்கள் காலியா, லாவோ. இரண்டுக்கும் முன்னால் எஸ்.எஸ். என்று இருக்கும். துருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஸ்டீம்ஷிப், நீராவிக் கப்பல். கரியை எரித்து, நீரைக் கொதிக்கவைத்து, புகைபோக்கியில் கரும்புகை கக்கிக்கொண்டு போகிற கப்பல். அப்படியானால் எம்.எஸ்.? மோட்டார் ஷிப். டீசல் எஞ்சினில் ஓடுவது. 1912ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் கட்டிய செலாண்டியா என்ற கப்பல் டீசல் எஞ்சினோடு பாங்காக் நோக்கிப் புறப்பட்டது. பெருங்கடல் தாண்டிய டீசல் கப்பல்களில் முன்னோடி அது. வழியில் லண்டன் துறைமுகத்தில் நின்றபோது, அப்போது பிரிட்டிஷ் கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதை நேரில் போய்ப் பார்த்தார். பார்த்தவர்கள் எல்லோரும் திகைத்தார்கள். ஏன்? கப்பலுக்குப் புகைபோக்கியே இல்லை! எஞ்சின் புகையைப் பாய்மரம் போன்ற ஒரு கம்பத்துக்குள்ளேயே விட்டு வெளியேற்றிவிட்டார்கள். புகைபோக்கி இல்லாத நீராவிக் கப்பலை யாரும் பார்த்ததில்லை. எஸ்.எஸ். போய் எம்.எஸ். வந்ததை மக்கள் எழுத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்தார்கள்.

கடலிலிருந்து ஒரு நூலகத்துக்குள் போவோம். இங்கேதான் எம்.எஸ். மிகப் பழையது. மானுஸ்கிரிப்ட், கையால் எழுதியது, கையெழுத்துப் பிரதி. பல பிரதிகள் இருந்தால் எம்.எஸ்.எஸ். என்று கடைசி எழுத்தை இரட்டிப்பார்கள். லத்தீன்காரர்களின் பழக்கம் அது. ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்ட ஒரு பி, பல பக்கங்களைக் காட்ட இரண்டு பி போடுகிறார்களே, அதுவும் அதே பழக்கம்தான்.

ஆங்கில மொழியின் பழங்காவியமான பேயோவுல்ஃப் இன்று ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் அதன் அடையாளம் என்ன தெரியுமா? “காட்டன் எம்.எஸ். விட்டெல்லியஸ் ஏ 15.” மந்திரம்போல் இருக்கிறது அல்லவா? விரித்துப் பார்ப்போம். காட்டன் என்பது பருத்தி இல்லை. 17ஆம் நூற்றாண்டில் ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்த சர் ராபர்ட் காட்டன். அவர் வீட்டு நூலகத்தில் பெரும்பாலான அலமாரிகளின் தலையிலும் ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவரின் மார்பளவுச் சிலை. விட்டெல்லியஸ் சிலை இருந்த அலமாரி, அதில் ஏ என்ற முதல் தட்டு, அந்தத் தட்டில் 15ஆவது நூல். அந்த வீடு இல்லை, அந்த அலமாரி இல்லை, சிலை இல்லை. 1731இல் அந்தச் சேகரிப்பு வைத்திருந்த மாளிகை தீப்பற்றி எரிந்தது. பேயோவுல்ஃப் ஓரங்கள் கருகித் தப்பியது. விலாசம் காட்டிய வீடே போன பிறகும் விலாசம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுதியவரின் வசதிக்காகப் போட்ட குறி, நூற்றாண்டுகள் கழித்து வருகிறவருக்கு வரலாறு தெரிந்தால்தான் விரியும்.

நம் ஏடுகள் மட்டும் என்ன? பனையோலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. ஓலை பொத்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எழுதியவருக்கு எவ்வளவு மிச்சம்! படிப்பவருக்கு? உ.வே.சா.வைக் கேட்க வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. ஒவ்வொன்றுக்கும் பல ஊர்ப் பிரதிகளைத் தருவித்து, பக்கத்தில் பக்கம் வைத்து, இது மெய்யா உயிர்மெய்யா, இது காலா ரகரமா என்று எழுத்தெழுத்தாக விரித்தவர் அவர். நாம் அவரையே மூன்றெழுத்தாகச் சுருக்கி வைத்திருக்கிறோம்! உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர் என்று விரித்துச் சொல்ல இன்று மூச்சு முட்டுகிறது.

ஏதோ வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குச் சுருக்கச் சொல்லிக்கொடுத்தான் என்று நினைக்காதீர்கள். பழைய பத்திரங்களையும் மளிகைக் கணக்கு நோட்டுகளையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. மேற்படி என்பதற்கு ௸. கணக்குப்பிள்ளையின் விரல் தானாகவே போட்டுவிடும். இன்று அந்தப் பத்திரத்தைப் பேரன் எடுத்துப் பார்த்தால், சொத்து தன்னுடையதா பக்கத்து வீட்டாருடையதா என்று தெரிந்துகொள்ள, விவரம் அறிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப்போக வேண்டியிருக்கிறது. சுருக்கியவர் காலமாகிவிட்டார். விரிக்கிறவருக்குத்தான் அலைச்சல்.

அன்பர்களே, இதுவரை சொன்ன எம்.எஸ். எல்லாவற்றுக்கும் ஒரு முழு வடிவம் உண்டு. தேடினால் கிடைக்கும். ஆனால் முழு வடிவமே இல்லாத ஒரு எம்.எஸ். இருக்கிறது. விரிக்க முடியாத சுருக்கம்! விரிக்க முடியாமல் இருப்பதற்காகவே படைத்த சுருக்கம்! அது என்ன?

பெண்களின் பெயருக்கு முன்னால் போடுகிற எம்.எஸ்.

ஆங்கிலத்தில் ஆணுக்கு ஒரே அடைமொழி, மிஸ்டர். கல்யாணம் ஆனாலும் மிஸ்டர், ஆகாவிட்டாலும் மிஸ்டர். பெண்ணுக்கு மட்டும் இரண்டு: ஆகாதவர் மிஸ், ஆனவர் மிசஸ். நம்மிடம் செல்வி, திருமதி இருப்பதுபோல. பேங்கில் கணக்குத் தொடங்கவோ, பேருந்துக்கு முன்பதிவு செய்யவோ போகிற பெண்ணிடம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று ஏன் முதலில் கேட்க வேண்டும்? 1901லேயே அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரப் பத்திரிகை ஒன்று இந்தக் கேள்வியை எழுப்பி, இரண்டுக்கும் பொதுவாக எம்.எஸ். என்று போடலாமே என்று எழுதியது. மிஸ், மிசஸ் இரண்டிலும் இருக்கிற முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் எடுத்துக்கொண்டால் போதும், பெண்ணின் இல்லற விவரம் உறைமேல் தெரியாது. நல்ல யோசனை. ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அறுபது ஆண்டு கழிந்தது. 1961இல் நியூயார்க்கில் ஷீலா மைக்கேல்ஸ் என்ற இளம்பெண், கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்தவர், தன் அறைத் தோழிக்கு வந்த பத்திரிகையின் விலாசச் சீட்டில் எம்.எஸ். என்று பார்த்தார். அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு யோசித்தார். தந்தைக்கு உரியவளாக வளரவும் இல்லை, கணவனுக்கு உரியவளாக ஆகவும் விருப்பமில்லை. அப்படிப்பட்ட தனக்கு ஏற்ற அடைமொழி இதுதானே! சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பெண் விடுதலை பேசிய தோழிகளே சிரித்தார்கள். எட்டாண்டு கழித்து ஒரு வானொலிப் பேச்சில் அவர் இதைச் சொன்ன பிறகுதான் காற்று திரும்பியது. 1972இல் குளோரியா ஸ்டைனமும் தோழிகளும் தொடங்கிய பெண்கள் பத்திரிகைக்கு இந்த இரண்டெழுத்தே பெயராயிற்று.

நியூயார்க் டைம்ஸ் நாளேடு மட்டும் அசையவில்லை. எங்கள் நடைக்கு ஒத்துவராது என்றது. 1984 வந்தது. ஜெரால்டின் ஃபெராரோ துணை அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிறார். பெரிய கட்சி ஒன்றின் சார்பில் அந்தப் பதவிக்கு நின்ற முதல் பெண். கணவர் பெயர் ஜக்காரோ. அவரோ பொதுவாழ்வில் தன் பிறந்த வீட்டுப் பெயரான ஃபெராரோவை வைத்துக்கொண்டவர். இப்போது பத்திரிகை என்ன போடுவது? மிஸ் ஃபெராரோ என்றால் பொய், அவருக்குக் கல்யாணமாகிவிட்டது. மிசஸ் ஃபெராரோ என்றாலும் பொய், அது அவருடைய அம்மாவைக் குறிக்கும்! உலகப் புகழ்பெற்ற நாளேடு, தன் சொந்த விதிக்குள் தானே மாட்டிக்கொண்டு, தவறு என்று தெரிந்தே மிசஸ் ஃபெராரோ என்று அச்சிட்டது. இரண்டாண்டு கழித்து, 1986இல், எம்.எஸ்.ஸுக்குக் கதவைத் திறந்தது.

சுருக்கத்தின்மேல் எனக்கு இருக்கிற கோபமெல்லாம் இந்த ஒரு இடத்தில் தணிந்துவிடுகிறது. இங்கே சுருக்குகிறவரும் விரிக்கிறவரும் வேறுவேறு இல்லை. யாரைக் குறிக்கிறதோ அவரே, “இதற்குமேல் விரிக்காதீர்கள்” என்று சொல்கிறார். நம் மொழியில் இதற்கு நிகராக எல்லோர் நாவிலும் புழங்கும் ஒரு சொல் இன்னும் நிலைக்கவில்லை. அழைப்பிதழ் அடிக்கும்போது செல்வியா திருமதியா என்று தொலைபேசி போட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனிக் கொஞ்சம் வேகமாகப் போகிறேன். கணினிக்காரர்களின் எம்.எஸ். எல்லோருக்கும் தெரிந்தது, மைக்ரோசாஃப்ட். 1975இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் தொடங்கியது. அதைப் பெரிதாக்கிய எம்.எஸ்-டாஸ் அவர்கள் வீட்டில் பிறந்த பிள்ளை இல்லை. சியாட்டில் நகரத்து டிம் பாட்டர்சன் எழுதி, 1981இல் அவர்கள் விலைக்கு வாங்கியது. பிள்ளைக்கு வாங்கியவர்களின் இனிஷியல்!

அமெரிக்கத் தபால்காரரின் எம்.எஸ்., மிசிசிப்பி மாநிலம். 1963இல் மாநிலங்களுக்கு இரண்டெழுத்துக் குறி கொடுத்தார்கள். ‘மி’ என்று தொடங்குகிற மாநிலங்கள் அங்கே நான்கு: மிச்சிகன், மின்னசோட்டா, மிசிசிப்பி, மிசூரி. எம்.ஐ. யாருக்கு? மிச்சிகன் தட்டிக்கொண்டு போனது. மற்ற மூன்றும் உள்ளே இருக்கும் எழுத்தை எடுத்துச் சமாளித்தன.

அறிவியல்காரர் சின்ன எழுத்தில் எம்.எஸ். என்று எழுதினால் மில்லி செகண்ட், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எம்-ஐ மட்டும் பெரிய எழுத்தாக்கினால் மெகா செகண்ட், பத்து லட்சம் நொடி, பதினொன்றரை நாளுக்குச் சற்று மேல். ஒரு எழுத்தின் உயரம் கொஞ்சம் கூடியதற்கு நூறு கோடி மடங்கு வித்தியாசம்! எஸ்-ஐ மட்டும் பெரிதாக்கினால் அது காலமே இல்லை. மில்லி சீமென்ஸ், மின்கடத்தலை அளக்கிற அலகு. நடுவில் ஒரு சாய்கோடு போட்டால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகம். அந்தச் சாய்கோட்டை வணிகர்கள் போட்டால்? மெஸ்ஸர்ஸ். பில் புத்தகத்தில், டெண்டர் படிவத்தில், கம்பெனிப் பெயருக்கு முன்னால் வருகிறதே, அதுதான். பிரெஞ்சில் ‘ஐயன்மார்’ என்று பன்மையில் சொல்வது. ஒற்றை ஆள் நடத்துகிற கடைக்கும் நாம் ஐயன்மார் என்றே போடுகிறோம்.

சிரித்தீர்கள். இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

இங்கிலாந்தில் ஜாக்குலின் டு ப்ரே என்ற செல்லோ கலைஞர் இருந்தார். இருபது வயதில், 1965இல், எட்வர்ட் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவைப் பதிவு செய்தார். இன்றுவரை அந்த இசைக்கு அந்தப் பதிவைத்தான் உரைகல்லாகச் சொல்கிறார்கள். சில ஆண்டுகளில் விரல்களில் உணர்ச்சி குறையத் தொடங்கியது. தந்தி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்து வாசிக்க வேண்டியதாயிற்று. 1973இல் நோயின் பெயர் தெரிந்தது. எம்.எஸ்., மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். அப்போது அவருக்கு வயது 28. அதற்குப் பிறகு மேடையில் வாசிக்க முடியவில்லை. 1987இல், 42 வயதில் மறைந்தார். நமக்கு எம்.எஸ். என்றால் சங்கீதம், இங்கிலாந்தில் சங்கீத ரசிகர் ஒருவரிடம் அதே இரண்டெழுத்தைச் சொன்னால், பாதியில் நின்றுபோன ஒரு சங்கீதம் நினைவுக்கு வரும்.

இந்த நோயைத் தனியாகப் பிரித்து அடையாளம் காட்டியவர் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்க்கோ, 1868இல். மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிற நரம்பிழைகளின்மேல் மையலின் என்ற உறை இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்கி அரிக்கிறது. ஒருவருக்குப் பார்வை மங்கும். ஒருவருக்குக் கால் தள்ளாடும். ஒருவருக்குக் களைப்பு மட்டுமே தெரியும். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

இது நரம்பு மருத்துவரின் எம்.எஸ். அடுத்த அறைக் கதவைத் தட்டுங்கள், அங்கே இதய மருத்துவர். அவருடைய எம்.எஸ். வேறு. மைட்ரல் ஸ்டெனோசிஸ், இதயத்தின் இடப்பக்கத்து வால்வு சுருங்கிப்போவது. சின்ன வயதில் வந்த தொண்டைப் புண்ணும் ருமாட்டிக் காய்ச்சலும் ஆண்டுகள் கழித்து விடுகிற தழும்பு. நம் நாட்டில் இன்றும் காணக்கூடிய நோய். அதுவும் பெண்களுக்குத்தான் அதிகம். ஆகவே, இளவயதுப் பெண் ஒருவரின் பழைய குறிப்பில் “எம்.எஸ். நோயாளி” என்று ஒற்றை வரி இருந்தால், வயதை வைத்தும் ஊகிக்க முடியாது, பாலை வைத்தும் ஊகிக்க முடியாது. நரம்பா, இதயமா? இடம்பார்த்துப் பொருள் கொள்ளலாம் என்கிறார்களே, இங்கே இடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

நோய் போகட்டும், மருந்துக்கு வாருங்கள். மார்ஃபின் சல்பேட். கடும் வலிக்குக் கொடுப்பது. அளவு மீறினால் மூச்சை அடக்கிவிடும். மெக்னீசியம் சல்பேட். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலையில் தாயைக் காப்பாற்றுவது. அதுவும் அளவு மீறினால் மூச்சை அடக்கிவிடும். ஒன்றுக்கு மாற்று மருந்து நலாக்சோன், மற்றதற்குக் கால்சியம் குளுக்கோனேட். இரண்டும் வேறு வேறு உலகம். ஆனால் சீட்டில் எழுதும்போது? மார்ஃபின் சல்பேட்டையும் எம்.எஸ். என்று எழுதினார்கள். மெக்னீசியம் சல்பேட்டையும் எம்.எஸ். என்று படிக்க முடிந்தது.

கற்பனை செய்துகொள்ளுங்கள். இரவுப் பணி. வார்டில் ஒரு செவிலியர். நோயாளி ஒரு கர்ப்பிணி. மருத்துவரின் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்.; நோயாளியின் வரலாற்றில் எம்.எஸ்.; கொடுக்க வேண்டிய மருந்து எம்.எஸ். எழுதியவர் இரண்டு நொடி மிச்சப்படுத்திக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். விரிக்க வேண்டிய பொறுப்பு இப்போது யார் தலையில்?

நம் மருந்துச் சீட்டிலேயே பாருங்கள். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒருமுறை. கண் மருத்துவர் எழுதினால் வலது கண். டி.டி.எஸ். என்றால் நாளுக்கு மூன்றுமுறை. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்பவருக்கு அது கரைந்திருக்கும் உப்பு. வருமான வரிக்காரருக்குச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிற வரி. நம்மூர் மருந்துக் கடையில் 1-0-1 என்று காலை, மதியம், இரவு கணக்குப் போட்டு எழுதுகிறார்களே, எழுத்தறியாத பாட்டியும் விரலை வைத்துப் புரிந்துகொள்கிற முறை அது. எனக்கு அந்த முறையின்மேல் தனி மரியாதை உண்டு.

“நூறு நோயாளி காத்திருக்கிறார்கள், நீட்டி எழுத நேரமில்லை” என்று மருத்துவர்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். உண்மைதான். இரும்புக் கடைக்காரர் எம்.எஸ். என்றே எழுதட்டும்; அதைப் படிப்பவரும் இரும்புக் கடைக்காரர், தவறினால் ஒரு லோடு திரும்பி வரும். ஆனால் மருந்துச் சீட்டு ஓர் அறையில் உட்கார்ந்திருப்பதில்லை. வார்டிலிருந்து மருந்தகத்துக்கு, மருந்தகத்திலிருந்து இரவுச் செவிலியருக்கு, இந்த ஆஸ்பத்திரியிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு என்று நடந்துகொண்டே இருக்கிறது. நடக்கிற தாளில் உட்கார்ந்திருக்கிறவர்களின் பாஷையை எழுதலாமா?

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு, 2004இல், சீட்டில் எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. நீளமான பட்டியல் இல்லை. யூனிட் என்பதற்கு வெறும் யூ என்று எழுதாதே; அது சுழியம்போல் தெரிந்து 10 யூனிட் இன்சுலின் 100 ஆகிவிடும். ஒன்று என்பதை 1.0 என்று எழுதாதே. புள்ளி மறைந்தால் பத்து. அந்தச் சிறிய பட்டியலில் நம் இரண்டெழுத்துக்கும் இடம் உண்டு. எம்.எஸ். என்று எழுதாதே. மார்ஃபின் சல்பேட் என்று எழுது; அல்லது மெக்னீசியம் சல்பேட் என்று எழுது. அமெரிக்க எழுத்துமுறையில் முதலாவதற்கு 15 எழுத்து, இரண்டாவதற்கு 16.

எழுதட்டும்.